விடுதலைப் போன்காரர்

வயலில் வந்து இறங்கும் பறவைகளில் கொக்கு எது, மடையான் எது, நத்தைகொத்தி நாரை எது என்று தூரத்தில் வரும்போதே சொல்லிவிடும் நம் ஊர்க்காரர்களுக்கு, கொஞ்ச காலமாக நம்மிடையே பெருகிவரும் ஓர் இனத்தை மட்டும் இன்னும் சரியாக அடையாளம் தெரியவில்லை. அதற்கு விடுதலைப் போன்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆண்கள்தான் அதிகம். முப்பதுக்கு மேல், ஐம்பதுக்குக் கீழ். யாரையும் கடிக்காது. ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் எழுந்து வருவது கடினம்.

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். டீக்கடைக்கு வந்ததும் போனை எடுத்துப் பெஞ்சின் மேல் முகம் தெரிய வைப்பார். யாராவது கேட்பார்கள் என்று பார்ப்பார். யாரும் கேட்கமாட்டார்கள். போனை இன்னும் கொஞ்சம் நம் பக்கம் நகர்த்துவார். அப்போதும் நாம் பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்தால், வேறு வழியில்லாமல் அவரே தொடங்கிவிடுவார்: "இது நீங்க நினைக்கிற போன் இல்லீங்க."

நாம் எதுவும் நினைக்கவில்லை. ஆனால் இனிமேல் தப்பிக்கவும் முடியாது.

ஒரு போன் வாங்கினால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? உறை போடுவோம், பிள்ளையின் படத்தை முகப்பில் வைப்போம், மச்சானுக்குப் பேசி 'கேக்குதா, கேக்குதா' என்போம். விடுதலைப் போன்காரர் போன் வாங்கியதும் முதல் வேலையாக அதை அழிப்பார். உள்ளே இருந்ததையெல்லாம் வழித்துத் துடைத்து, உழுது போட்ட நாற்றங்காலைப் போல வெறுமையாக்கி, வேறொன்றை அதில் விதைப்பார். இதற்குத் தோதான போனாகவும் இருக்க வேண்டும். ஆகவே நாலு வருடத்துக்கு முந்தைய ஒரு மாடலை, திருச்சியில் இருக்கிற யாரோ ஒருவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டு, புதுப்போனுக்குக் கொடுக்கிற விலையில் பழைய போன் வாங்கி வந்திருப்பார். விதை முளைக்கும்வரை போன் செங்கல்லாகக் கிடக்கும். சிலருக்குச் செங்கல்லாகவே இருந்துவிடுவதும் உண்டு. அவர்களைப் பற்றி இந்த இனத்தார் தணிந்த குரலில் பேசுவார்கள்.

எதற்கு இவ்வளவு பாடு? அவர் சொல்வதை முடிந்தவரை சுருக்கித் தருகிறேன். அவர் சொன்னால் டீ ஆறிப்போகும். நம் போன் ஒவ்வொன்றிலும் கம்பெனியின் ஆள் ஒருவர் குடியிருக்கிறார். செய்தி வந்தால் செயலியைத் தட்டி எழுப்புவது அவர்தான். நாம் நிற்கும் இடத்தைச் செயலிகளுக்குச் சொல்வதும் அவர்தான். பதிலுக்கு, நாம் எங்கே போனோம், எதைத் தேடினோம் என்பதையெல்லாம் கம்பெனிக்குச் சொல்லியனுப்பிக்கொண்டே இருக்கிறார். இந்தப் புகாரில் உண்மை இல்லாமலும் இல்லை. எலி பிடிக்கிற எலிக்கிட்டி எங்கே கிடைக்கும் என்று ஒரே ஒரு தடவை போனில் தேடினேன். வயலில் எலி ஓய்ந்தபிறகும் எனக்கு எலிக்கிட்டி விளம்பரம் ஓயவில்லை.

ஆகவே நம்மவர் அந்த ஆளை வெளியேற்றிவிட்டார். அந்த இடத்தில் ஒரு மாற்று ஆளைக் குடிவைத்திருக்கிறார். இந்த மாற்று ஆளை, உலகத்தின் எங்கெங்கோ இருக்கும் நல்ல மனிதர்கள், கூலி வாங்காமல் எழுதி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். செயலிகள் கதவைத் தட்டி, கம்பெனி ஆள் இருக்கிறாரா என்று கேட்டால், இவர் உள்ளேயிருந்து 'இருக்கேன், சொல்லுங்க' என்று குரல் கொடுப்பார். மூத்த மருமகன் வெளிநாட்டில் இருக்கும்போது இளைய மருமகன் உட்கார்ந்து தாம்பூலம் வாங்கிக்கொள்வது போல. பெரும்பாலான செயலிகள் நம்பிவிடும்.

வங்கிச் செயலி மட்டும் நம்பாது. சம்பந்தி வீட்டு அத்தையைப் போல உள்ளே வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, 'உங்கள் கருவி பாதுகாப்பாக இல்லை' என்று சொல்லி எழுந்து போய்விடும். நீங்களும் நானும் இதற்குக் கவலைப்படுவோம். அவர் மகிழ்வார். "பாத்தீங்களா, பயப்படுறான்" என்பார்.

சரி, பணம் அனுப்ப என்ன செய்வார்? எரிவாயு உருளைக்கு எப்படிப் பதிவு செய்வார்? மின்கட்டணம்? பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் அறிவிப்பு? நல்ல கேள்வி. இந்த இனத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். விடை: மனைவியின் போன். விடுதலைப் போன்காரரின் விடுதலை முழுவதும் மனைவி கையிலிருக்கும் விடுதலையாகாத ஒரு போனின் மேல்தான் நிற்கிறது. பந்தற்கால் ஒன்று, அதன் மேல் பந்தல்.

பொதுவாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒருவரைக் காட்டிவிடுகிறேன்.

திருவையாற்றுக்குக் கிழக்கே பெருந்தலைக்குடியில் பகலவன் என்று ஒருவர். தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறார். நல்ல மனிதர். அறிவாளி. கேட்டவருக்கு உதவுவார், கேட்காதவருக்கும் உதவுவார், இரண்டாவதில்தான் சிக்கல். கம்பெனியின் பெயரை வாயால் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாமல் 'அவுக' என்றது போல, இவர் 'அவன்' என்பார். எல்லாரும் செய்தி அனுப்பிக்கொள்ளும் செயலிக்குப் 'பச்சை' என்று பெயர். எந்தக் குறை சொன்னாலும் அவரிடம் ஒரே வாக்கியம் தயாராக இருக்கும்: "அதுக்கு ஒரு மாற்று இருக்குங்க."

மயிலாடுதுறையில் இருக்கும் அவருடைய தங்கை கனிமொழி, ஒரு பொங்கலுக்கு வந்தபோது, போன் மெதுவாக இருக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். திரும்பிப் போகும்போது விடுதலை பெற்ற போனோடு போனாள். அதன்பிறகு அவள் அண்ணனிடம் எந்தக் குறையும் சொல்வதில்லை. பல் வலித்தால்கூடச் சொல்வதில்லை என்று கேள்வி.

ஆனால் ஒன்றில் பகலவனை யாரும் குறை சொல்ல முடியாது. அதுதான் வரைபடம். கம்பெனியின் வரைபடம் இருப்பது போலவே ஊர்கூடி வரைகிற வரைபடம் ஒன்றும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தன் ஊரை அதில் வரைந்து சேர்க்கலாம். பகலவன் சேர்த்தார். விடுமுறை நாட்களில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்து, வாய்க்கால், மதகு, பம்புசெட்டு, களம், சுடுகாட்டுப் பாதை என்று ஒன்று விடாமல் வரைந்தார். பக்கத்து ஊர் எல்லையில் நடந்தபோது பெண்கள் கூட்டமாக வந்து, பூமிக்குள் எரிவாயுக் குழாய் பதிக்க அளக்க வந்தவர் என்று நினைத்து, வழிமறித்து, போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். அதற்கும் அஞ்சாமல் வரைந்து முடித்தார். கம்பெனி வரைபடத்தில் பெருந்தலைக்குடிக்குக் கிழக்கே ஒன்றுமேயில்லை, வெறும் வெள்ளை. பகலவன் வரைபடத்திலோ இராஜாங்கம் வீட்டுத் தென்னைகூட இருக்கிறது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அது அழகான வரைபடம்.

அந்த அழகான வரைபடத்தால்தான் வந்தது வினை.

பகலவன் மனைவி சுடர்விழி ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டிருந்தாள். நட்டதும் ஐப்பசி மழையில் பாதி நாற்று அழுகிப்போய், வேறெங்கோ வாங்கி வந்து மறுபடி ஊன்றி, எலிக்கும் புகையான் பூச்சிக்கும் தப்பவைத்துத் தேற்றிய பயிர். தை முடியும்போது பொன்னி தலைசாய்ந்து நின்றது. அந்த நேரம் பார்த்துக் கடலில் காற்றழுத்தம் என்றார்கள். மழை வந்தால் இரண்டு கெடுதல். கதிர் படுத்துவிடும், வயல் இளகிவிட்டால் டயர் வைத்த அறுப்பு வண்டி உள்ளே இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும், அது அந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடைக்கவில்லை. அவள் அலைந்து ஒரு டயர் வண்டியைப் பிடித்தாள். ஆத்தூர்ப் பக்கத்து வண்டி. ஓட்டுநர் பெயர் ஐயாவு. நாளைக் காலையில் வந்துவிடுகிறேன் அக்கா, ஊர் தெரியாது, லொகேஷன் மட்டும் போட்டு விட்டுடுங்க என்றார்.

ஒரு விரல் வேலை. இல்லையா?

இல்லை. ஏனென்றால் முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் கல்யாண நாள். போனில் கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றித் தரச்சொல்லி அவள் கொடுத்திருந்தாள். பகலவன் கண்ணாடியையும் மாற்றி, உள்ளேயும் மாற்றி, பரிசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எண்கள், படங்கள், ஒன்று விடாமல் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். அதில் மனிதர் கெட்டி. பச்சைச் செயலியையும் பெரிய மனது பண்ணி வைத்திருந்தார். ஆனால் அது முன்போல மணியடித்துக் கூப்பிடாது, அவ்வப்போது நாமாகத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று அவள் கேட்டதற்கு, தானாகக் குரைக்கிற போன் அவன் போன், நாம் கூப்பிட்டால் பதில் சொல்வதுதான் நம் போன் என்று விளக்கினார். அவளுக்குக் களையெடுப்பு ஆட்களோடு பேசிப் பழக்கம். இந்த மாதிரிப் பேச்சு பழக்கமில்லை. போனை வாங்கிக்கொண்டு வயலுக்குப் போனாள்.

லொகேஷனை அனுப்பும் பொறுப்பைப் பகலவன் தானே ஏற்றுக்கொண்டார். அவன் வரைபடத்தில் நம் வயலே கிடையாது, நம் வரைபடத்தில் மதகிலிருந்து வண்டி இறங்குகிற இடம் முதற்கொண்டு இருக்கிறது என்றார். அது உண்மை. காலையில் கல்லூரிக்குக் கிளம்பும் முன் ஐயாவுக்கு அதை அனுப்பினார்.

ஐயாவு ஆற்றுப்பாலத்துக்கு வந்து வண்டியை ஓரங்கட்டி, வந்ததைத் தொட்டார். திறக்கவில்லை. 'வந்துட்டேன் அக்கா, பாலத்துல நிக்கிறேன்' என்று சுடர்விழிக்குப் பச்சையில் செய்தி போட்டார். அது போய், அவள் போனுக்குள் சத்தம் காட்டாமல் உட்கார்ந்துகொண்டது. பிறகு பகலவனைக் கூப்பிட்டார்.

இங்கே நிறுத்தி யோசித்துப் பாருங்கள். பாலத்திலிருந்து வயல் கூப்பிடு தூரம். பாலத்தில் டீக்கடை இருக்கிறது, அதில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. 'மதகைத் தாண்டி இடது பக்கம்' என்று சொன்னால் போதும். வேறு எந்த மனிதரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

பகலவன், "திறக்கலையா? அதுக்கு ஒரு மாற்று இருக்குங்க" என்றார்.

பிறகு நடந்ததை ஐயாவு பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். சார் குரலே உசத்தவில்லை. முதலில் போனுக்குள் இருக்கும் அவனுடைய செயலிக் கடையை விட்டு வெளியே வரச்சொன்னார். பிறகு அமைப்புகளுக்குள் போய், அங்கிருந்து இன்னோர் அறைக்குள் போய், 'தெரியாத இடத்திலிருந்து வருவதை அனுமதி' என்பதைத் தேடச்சொன்னார். போன் எச்சரித்தது, பயப்படாதீர்கள், அவன் மிரட்டுகிறான் என்றார். பிறகு சுதந்திரக் கடை ஒன்றை இறக்கி, அந்தக் கடைக்குள் போய் வரைபடத்தை இறக்கி, அந்த வரைபடத்துக்குள் தமிழ்நாட்டை இறக்க வேண்டும். தமிழ்நாடு இறங்க நேரமாயிற்று. பாலத்தில் சிக்னல் ஒரு கோடுதான்.

இடையில் ஐயாவு, இங்க யார்கிட்டயாவது கேட்டுக்கட்டுமா சார் என்று கேட்டிருக்கிறார்.

"வேண்டாங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்லிக் குழப்பிடுவாங்க. இறங்கி முடிச்சதும் அதுவே உங்கள வரப்பு வரைக்கும் கூட்டிட்டுப் போயிடும்."

அறுப்பு வண்டி பாலத்தில் நின்றது. ஐயாவு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சுடர்விழி வயலில் சாக்கும் படுதாவுமாக நின்றாள். வானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. பகலவன் ஆய்வகத்தில் உட்கார்ந்து, இப்ப எத்தனை சதவீதம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது டீ குடிக்க வந்தார் நடராசன். சுடர்விழி வயலுக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர் வயல். மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய பெரிய போன் ஒன்று உண்டு, அதை வீட்டுப் பீரோவில் வைத்திருக்கிறார். வண்டி சும்மா நிற்பதைப் பார்த்தார். ஓட்டுநர் வானத்துக்குப் போனைக் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"என்னப்பா, வண்டி ரிப்பேரா?"

"இல்லைங்க. வழி இறங்கிக்கிட்டிருக்கு."

நடராசன் கொஞ்சம் யோசித்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து வீசி, வண்டிக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார். வழி இறங்கும் வரைக்கும் சும்மா நிற்பானேன் என்று ஐயாவும் பின்னால் போனார். போனை வண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் வைத்துக்கொண்டுதான் போனார். அது பாட்டுக்கு இறங்கட்டும்.

சுடர்விழி முதலில் சத்தத்தைத்தான் கேட்டாள். தன் வண்டி வந்துவிட்டதென்று எழுந்தாள். சத்தம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றது. போனைத் திறந்து பார்த்தாள். காலையில் வந்த செய்தி புத்தம்புதிதாகக் காத்திருந்தது. வாய்க்காலில் இறங்கி, முழங்கால் சேற்றோடு அந்தப் பக்கம் ஏறினாள்.

"அண்ணே, இது எனக்குப் பேசின வண்டி."

நடராசனுக்குச் சங்கடம்தான். "எனக்குத் தெரியாதும்மா. எங்கே போறதுன்னு தெரியாம பாலத்துல நின்னுச்சு. சும்மாதானே நிக்குதுன்னு கூட்டிக்கிட்டு வந்துட்டேன். இதோ, இந்தப் பங்கு வயல் முடியட்டும்."

பங்கு முடிந்தது. ஐயாவு கண்ணாடி ஓரத்துப் போனை எடுத்து, வழி இறங்க இன்னும் கொஞ்சம் இருக்குக்கா என்று தயங்கினார். சுடர்விழி வண்டியின் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை உள்ள வையுங்க. லொகேஷன் நான்தான். ஓட்டுங்க."

பாதி அறுத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. தூறல்தான் என்று இன்னொரு சுற்று போனதில் டயர் அழுந்தி, டிராக்டர் வைத்து இழுத்து வண்டியைக் கரையேற்றினார்கள். மீதி மூன்று மா அன்று மாலையே படுத்துவிட்டது. தண்ணீர் வடிந்து ஆள் வைத்து அறுப்பதற்குள் கதிரிலேயே முளை கண்டிருந்தது. மறு ஊன்றல் ஊன்றிய பயிர் அது. அதைப் பற்றி இதற்கு மேல் நான் வேடிக்கையாகச் சொல்வதற்கில்லை.

பகலவன் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது அவள் சாக்குகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரும் கூடச் சேர்ந்து தூக்கினார். எல்லாம் முடிந்தபிறகு அவள் போனை எடுத்து நீட்டினாள்.

"இதுல பழசைப் போட்டுக் கொடுங்க."

"இங்க பாரு சுடர், நடந்தது போனோட தப்பு இல்ல. உன்னோடதுல பேட்டரி சேமிப்பை அணைக்க மறந்துட்டேன். அந்த ஒண்ணுதான். அணைச்சிருந்தா செய்தி வந்த உடனே..."

"ஒண்ணு கேக்குறேன். இதுல சாதாரணமாக் கூப்பிட்டா மணி அடிக்குமில்ல?"

"சாதாரணமாக் கூப்பிட்டா அடிக்கும்."

"அப்ப அந்த ஆளு ஏன் என்னைச் சாதாரணமாக் கூப்பிடலை? காலையிலேருந்து நீங்கதானே அவரைப் பிடிச்சு வச்சிருந்தீங்க."

பகலவனிடம் இதற்கு மாற்று இல்லை.

அவள் போனில் கம்பெனியின் ஆள் மறுபடி குடிவந்தார். மாற்றிப் போட்டதும் பகலவன்தான். வெகு நேர்த்தியாகச் செய்தார். முடித்த கையோடு, தேங்கிப்போயிருந்த மின்கட்டணத்தையும் அதிலேயே கட்டிவிட்டார் என்பதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். மழை விட்டதும் வயலுக்குப் போனார். பாதி அறுத்த நெல்தாளில் டயர் அழுந்திய பள்ளத்தின் ஓரம் நெடுநேரம் நின்றார். துக்கப்படுகிறார் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். துக்கமும் இருந்திருக்கும். ஆனால் கையில் போன் இருந்தது. இப்போது அவருடைய வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தால், 'மழைக்காலத்தில் டயர் வண்டி இறங்காது' என்று போட்டிருக்கிறது. துல்லியமான தகவல்.

ஐயாவு என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? மாசியில் ஒரு நாள் பகலவனைக் கூப்பிட்டார். சார், அன்னைக்கு நீங்க சொன்னது நல்லா இறங்கிடுச்சு, வரப்பெல்லாம் தெரியுது என்றார். பகலவன் பூரித்துப்போனார்.

"ஆனா சார், இப்ப பேராவூரணில நிக்கிறேன். மத்தவங்க அனுப்புற லொகேஷன் எதுவும் இதுல திறக்க மாட்டேங்குது."

பகலவன் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். "பதறாதீங்க. அதுக்கு ஒரு மாற்று இருக்குங்க."

போகட்டும். இனி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெண்ணின் பயிர் மழையில் படுத்த இடத்தைப் படித்தபோது மனம் கொஞ்சம் வருந்தியிருக்கும், தெரியும். ஆனால் அதற்குக் கொஞ்சம் கீழே, பேட்டரி சேமிப்பு என்ற சொல் வந்த இடத்தில், 'அதை அணைத்தால் மட்டும் போதாது, இன்னோர் இடத்திலும் மாற்றியிருக்க வேண்டும்' என்று உங்கள் உதடு லேசாக அசைந்ததா? அந்த வரைபடத்தின் பெயர் என்னவென்று நான் சொல்லாமல் விட்டது உங்களை உறுத்துகிறதா? ஐயாவுவின் பேராவூரணிச் சங்கடத்துக்குச் சரியான வழி உங்களுக்குத் தெரியுமா, அதை யாரிடமாவது சொன்னால் தேவலை என்றிருக்கிறதா?

அப்படியானால் நான் யாரிடம் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. மன்னிக்க வேண்டும். விளக்கமெல்லாம் பிறகு சொல்லலாம். முதலில் உங்கள் போனை எடுத்து, நீங்களாகத் திறந்து பாருங்கள். யாராவது பாலத்தில் நின்றுகொண்டிருக்கப் போகிறார்கள்.